யாரைச் சேர்ப்பது? யாரை விடுவது?



பந்து திடலுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. அதற்கு நடுவர் கிடையாது, ஊதல் கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. ஒட்டுக்கடை மேசையில் வைத்த தேநீர் ஆறிப்போகும் வரையில் அது நடக்கும். தேசியக் குழுவின் பெயர்ப்பட்டியல் வெளியானதும், "இவனை எப்படி எடுத்தார்கள்?" "அவனை ஏன் விட்டார்கள்?" என்று எழுகிற வாதம்தான் அது. இந்த ஆட்டத்தில் நாம் எல்லாரும் பயிற்றுநர்கள். நம்மில் யாரும் தோற்பதே இல்லை!

நம் நாட்டில் இந்த வாதம் பெரும்பாலும் காற்பந்தையும் பூப்பந்தையும் சுற்றித்தான் நடக்கும். நான் இம்முறை ரக்பி ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். "அது நமக்கு எதற்கு, வாத்தியாரே?" என்று கேட்டுவிடாதீர்கள். காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ரக்பி உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. அதற்கு இரண்டு நாடுகள் ஏறக்குறைய ஒரே மாதிரியான துணிச்சலோடு ஆட்களைத் தேர்ந்தெடுத்தன. ஒரு நாடு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனது. மற்றொன்று முதல் சுற்றோடு மூட்டை கட்டியது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ரக்பியில் ஒரு பக்கத்துக்கு 15 பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் கையால் எறிவதென்றால் பின்பக்கமாகத்தான் எறிய வேண்டும். எதிரியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் 5 புள்ளி. அதையடுத்து வரும் உதை கம்பத்தின் நடுவே போனால் மேலும் 2. எதிரி தவறு செய்து கிடைக்கும் தண்ட உதைக்கு 3. முன்னணியில் 8 பேர், பின்னணியில் 7 பேர். இந்தப் பதினைந்து பேரின் வேலையும் ஒன்றல்ல. தோட்டத்தில் பால் வெட்டுகிறவரை இழுத்துவந்து ஆலை இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினால் எப்படியோ, அப்படித்தான் ஒருவர் இடத்தில் இன்னொருவரை நிறுத்துவதும்.

இதில் இரண்டு இடங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, 'பிளை ஹாப்'. பந்து கைக்கு வந்ததும் ஓடுவதா, எறிவதா, உதைப்பதா என்று நொடியில் முடிவெடுப்பவர் அவர். பெரும்பாலும் கம்பத்தை நோக்கி உதைப்பவரும் அவரே. இன்னொன்று, 'ஹூக்கர்'. இரு பக்கத்து முன்னணியும் தலையோடு தலை முட்டித் தள்ளும்போது முன்வரிசையின் நடுவில் நின்று பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர். அங்கே பழக்கமில்லாதவரை நிறுத்தினால் கழுத்தே முறிந்துபோகலாம்.

இனிக் கதைக்கு வருவோம்.

தென்னாப்பிரிக்காவின் பட்டியல்

ஒவ்வொரு நாடும் 33 பேரைக் கொண்டுபோகலாம் என்பது அந்தப் போட்டியின் விதி. காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக வேறொருவரை அழைக்கலாம். ஆனால் போனவர் மறுபடியும் வர முடியாது.

2023 ஆகஸ்டு மாதம் தென்னாப்பிரிக்கப் பயிற்றுநர் ஜாக் நீனாபரும் அவருக்கு மேலிருந்த ராசி எராஸ்மஸும் தங்கள் பட்டியலை வெளியிட்டனர். அதில் ஹாண்ட்ரே பொலார்டின் பெயர் இல்லை! 2019 இறுதியாட்டத்தில் இங்கிலாந்தை 32-12 என்று வென்றபோது, அந்த 32 புள்ளிகளில் 22 புள்ளிகளைத் தம் காலாலேயே சேர்த்தவர் அவர். கெண்டைக்கால் காயம் முழுமையாக ஆறவில்லை என்று அவரை விட்டுவிட்டார்கள். பிளை ஹாப் இடத்துக்கென்றே பழகியவராக மானி லிபோக் ஒருவர்தான் பட்டியலில் இருந்தார். நன்றாகப் பந்தை நகர்த்துவார். ஆனால் கம்பத்தை நோக்கி உதைப்பதில் அவருக்குத் தடுமாற்றம் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், குழுத் தலைவர் சியா கொலிசியும் அதே ஆண்டு ஏப்ரலில் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்தான். பட்டியல் வெளியான நாள் வரையில் அவர் தேசியக் குழுவுக்குத் திரும்பி ஆடியிருக்கவில்லை. அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். "ஒரு காயத்துக்கு ஒரு நீதி, இன்னொரு காயத்துக்கு வேறொரு நீதியா?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

போட்டி தொடங்கியது. ஸ்காட்லாந்துடன் நடந்த முதல் ஆட்டத்தை 18-3 என்று வென்றார்கள். அதற்குப் பிறகு பயிற்சியின்போது, உலகின் மிகச் சிறந்த ஹூக்கர்களில் ஒருவரான மால்கம் மார்க்ஸ் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். ஹூக்கர் போனால் இன்னொரு ஹூக்கரை அழைப்பதுதானே முறை? அவர்கள் அழைத்ததோ பொலார்டை! ஹூக்கர் இடத்துக்குப் போங்கி ம்போனாம்பி ஒருவரே மிஞ்சினார். அவருக்கு ஏதாவது நேர்ந்தால், பக்கத்து இடத்தில் ஆடிக்கொண்டிருந்த டியோன் பூரி பார்த்துக்கொள்வார் என்று விட்டார்கள். பூரி இளவயதில் ஹூக்கராக ஆடியவர். இறுதியாட்டத்தின்போது அவருக்கு வயது 37.

அயர்லாந்துடன் 13-8 என்று தோற்றார்கள். அன்று பல உதைகள் குறி தவறின. ஆனால் அதன்பின் நடந்ததைப் பாருங்கள். கால் இறுதியில் பிரான்சை 29-28. அரை இறுதியில் இங்கிலாந்தை 16-15. அந்த ஆட்டத்தில் லிபோக்கை 31ஆவது நிமிடத்திலேயே வெளியே அழைத்துப் பொலார்டை இறக்கினார்கள். 78ஆவது நிமிடத்தில் வெகு தொலைவிலிருந்து அவர் உதைத்த தண்ட உதைதான் வெற்றியைத் தந்தது. இறுதியாட்டத்தில் நியூசிலாந்தை 12-11. பன்னிரண்டு புள்ளிகளும் பொலார்டின் நான்கு உதைகள். முதற் பட்டியலில் இடமில்லாதிருந்த மனிதர்!

ஆஸ்திரேலியாவின் பட்டியல்

அதே ஆகஸ்டு மாதம் ஆஸ்திரேலியப் பயிற்றுநர் எடி ஜோன்சும் ஒரு பட்டியல் வெளியிட்டார். நாட்டுக்காக 125 ஆட்டங்கள் ஆடிய மைக்கல் ஹூப்பர் அதில் இல்லை. அவருக்கும் கெண்டைக்காலில்தான் காயம். அனுபவம் மிக்க பிளை ஹாப்பான குவேட் கூப்பர், வயது 35, அவரும் இல்லை. அந்த இடத்துக்கு 22 வயது கார்ட்டர் கோர்டனை நம்பினார்கள். அந்த இளைஞர் நாட்டுக்காக முதல்முறை ஆடியதே அவ்வாண்டு ஜூலை மாதத்தில்தான். இளையவர்களைக் கொண்டு புதிய குழுவைக் கட்டுவோம் என்று பயிற்றுநர் பந்தயம் கட்டினார்.

ஜார்ஜியாவை 35-15 என்று வென்றார்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன்பு குழுத் தலைவர் வில் ஸ்கெல்டனும், முன்வரிசையின் பலசாலி தனியேலா துபோவும் பயிற்சியில் காயம்பட்டார்கள். பிறகு பிஜியிடம் 22-15 என்று தோல்வி. கரும்புத் தோட்டத்துக்கு நம்மவர்களையும் கப்பலேற்றிக் கொண்டுபோனார்களே, அதே பிஜித் தீவுதான். பத்து இலட்சம் மக்கள்கூட இல்லாத நாடு, 1954க்குப் பிறகு முதல்முறையாக ஆஸ்திரேலியாவை வென்றது. பிஜியுடன் ஆடும்போதே கோர்டனை இடையில் வெளியே எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் அவர் மாற்று வீரர் வரிசைக்குப் போய்விட்டார். அந்த ஆட்டத்தில் வேல்ஸ் நாட்டிடம் 40-6 என்று படுதோல்வி. 1991இலும் 1999இலும் உலகக் கிண்ணத்தை வென்ற நாடு, வரலாற்றில் முதல்முறையாக முதல் சுற்றைத் தாண்டவில்லை. அக்டோபர் முடிவதற்குள் எடி ஜோன்ஸ் பதவி விலகினார்.

வென்றதால் சரி, தோற்றதால் தவறா?

இரண்டு நாடுகளும் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களை விட்டுவிட்டுப் போயின. இரண்டும் ஒரே ஒரு பிளை ஹாப்பை நம்பிப் புறப்பட்டன. ஒன்று வென்றது, ஆகவே அதன் தேர்வு சரி. மற்றது தோற்றது, ஆகவே அதன் தேர்வு தவறு. ஒட்டுக்கடைத் தீர்ப்பு இப்படித்தான் இருக்கும். நாம் கொஞ்சம் நிதானித்துப் பார்ப்போம்.

தென்னாப்பிரிக்கா கடைசி மூன்று ஆட்டங்களையும் ஒவ்வொரு புள்ளி வித்தியாசத்தில்தான் வென்றது. பிரான்சுடன் ஆடியபோது, கம்பத்தை நோக்கி எதிரி உதைத்த பந்தைச் செஸ்லின் கோல்பே ஓடிவந்து மறித்தார். மறிக்காமல் போயிருந்தால் அந்த 2 புள்ளியோடு ஆட்டமே மாறியிருக்கலாம். அப்போது நாம் என்ன சொல்லியிருப்போம்? "ஹூக்கருக்குப் பதில் உதைப்பவரை அழைத்த மூடர்கள்" என்றுதானே?

அந்த அபாயம் வெறும் கற்பனையும் அல்ல. இறுதியாட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ம்போனாம்பி காயம்பட்டு வெளியேறினார். எல்லாரும் பயந்தது நடந்தே விட்டது. மீதி ஆட்டம் முழுவதும் 37 வயது பூரி அந்த இடத்தில் நின்று சமாளித்தார். அன்றைக்கு மாற்று வீரர் எண்மரில் ஏழு பேர் முன்னணிக்காரர்கள். பின்னணிக்கு ஒரே ஒருவர். அந்த ஏற்பாடும் பெரிய வாதத்துக்கு உள்ளானதுதான். பொலார்டை அழைத்த முடிவு 12 புள்ளிகளையும் கொடுத்தது. அதே முடிவு முன்வரிசையில் ஓர் ஓட்டையையும் வைத்தது. இரண்டும் உண்மை.

அதுபோலவே ஆஸ்திரேலியாவின் தோல்விக்குப் பெயர்ப்பட்டியல் மட்டுமே காரணம் அல்ல. ஜோன்ஸ் பொறுப்பேற்றதே 2023 ஜனவரியில். சில மாதங்களில் ஒரு குழுவைக் கட்டி எழுப்புவது யாருக்கும் எளிதல்ல. அவர் தலைமையில் அவ்வாண்டு ஆடிய ஒன்பது ஆட்டங்களில் இரண்டில்தான் வெற்றி. இரண்டு தூண்கள் பயிற்சியில் சாய்ந்தது யாருடைய குற்றம்?

அப்படியானால் தேர்வை எதைக் கொண்டு மதிப்பிடுவது? முடிவை வைத்து அல்ல. தேர்ந்தெடுத்த முறையை வைத்து என்பேன். என் கணக்கில் மூன்று கேள்விகள் உண்டு.

முதலாவது: விடுபட்டவருக்குக் கதவு திறந்திருந்ததா? பொலார்டை விட்டார்கள், ஆனால் மறக்கவில்லை. தேவை வந்ததும், முதலில் எடுத்த முடிவைப் பற்றிய கௌரவம் பார்க்காமல் அழைத்துக்கொண்டார்கள். அழைப்பு வந்தபோது அவரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. தாம் எடுத்த முடிவைத் தாமே மாற்றுகிற மனம் தேர்வாளருக்கு வேண்டும். விடுபட்டவருக்கு உழைப்பை விடாத மனம் வேண்டும். இரண்டும் சேர்ந்தபோதுதான் அந்த 12 புள்ளி வந்தது.

இரண்டாவது: ஒருவர் விழுந்தால் தாங்க இன்னொருவர் இருந்தாரா? கொலிசியைச் சேர்த்ததன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. அவர் ஆட முடியாமல் போனாலும் அவர் இடத்தில் நிற்கத் தக்கவர்கள் குழுவில் பலர் இருந்தார்கள். அவர் ஆடினாலோ, தலைவர் என்ற முறையில் அவருக்கு ஈடாக வேறொருவர் இல்லை. ஹூக்கர் இடத்துக்கோ, முழுப் பலம் இல்லாவிட்டாலும் ஒரு பூரி இருந்தார். ஆஸ்திரேலியாவில் ஓர் இளைஞனின் தோளில் மூத்தவர் சுமக்க வேண்டிய பாரத்தை ஏற்றினார்கள்; அவன் தடுமாறியபோது, பக்கத்தில் நின்று "பயப்படாதே தம்பி" என்று சொல்ல அந்த இடத்தில் பழகிய மூத்தவர் ஒருவர் இல்லை. இளையவரைச் சேர்த்தது தவறென்று நான் சொல்லமாட்டேன். தனியே விட்டதுதான் தவறு.

மூன்றாவது: தேர்வுக்கு வரும் உரிமை எல்லாருக்கும் இருந்ததா? இந்தக் கேள்விதான் மற்ற இரண்டையும்விடப் பெரியது. அதற்குச் சற்றுப் பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

பூட்டிய கதவு

தென்னாப்பிரிக்கா 1891இல் முதல் தேசிய ரக்பி ஆட்டத்தை ஆடியது. 1981இல் எரோல் டோபியாஸ் இடம்பெறும் வரையில், ஏறத்தாழ 90 ஆண்டுகள், அந்தத் தேசியக் குழுவில் வெள்ளையர் அல்லாதார் ஒருவர்கூட ஆடியதில்லை. திறமை இல்லாமல் அல்ல. தோல் நிறம் காரணமாகத் தேர்வுத் திடலுக்கே விடவில்லை. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் கப்பலேறிப் போன நம் இனத்தாரின் பிள்ளைகளும் அந்தப் பூட்டிய கதவுக்கு வெளியேதான் நின்றார்கள்.

அந்தப் பூட்டு வேறொரு நாட்டையும் பிடித்தது. 1928, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் நியூசிலாந்துக் குழு தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது, தன் சொந்த மாவோரி ஆட்டக்காரர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனது. 1960இல் மக்கள் பொறுக்கவில்லை. மாவோரி இல்லையென்றால் பயணமும் வேண்டாம் என்று முழங்கினார்கள். ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அன்று பயணம் நிற்கவில்லை. ஆனால் 1967இல் ஏற்பாடாகியிருந்த பயணம் இதே காரணத்தால் கைவிடப்பட்டது. 1970இல் மாவோரியரும் போனார்கள். அதற்கும் அவர்களைக் 'கௌரவ வெள்ளையர்' என்று பெயரிட்டுத்தான் அனுமதித்தார்கள். எப்படிப்பட்ட கௌரவம் பாருங்கள்!

ஆகவே, "யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள்" என்ற பேச்சை வெட்டிப் பேச்சு என்று எப்போதும் தள்ளிவிட முடியாது. சில நேரங்களில் அந்தப் பேச்சுத்தான் பூட்டை அசைக்கிறது.

1995இல் தென்னாப்பிரிக்கா தன் மண்ணில் முதல்முறை உலகக் கிண்ணத்தை வென்றபோது, குழுவில் இருந்த வெள்ளையரல்லாத ஆட்டக்காரர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே. அவரும் காயத்தால் முதலில் விலகி, வேறொருவர் தண்டனை பெற்று வெளியேறியதால் நடுவில் அழைக்கப்பட்டவர். வந்தவர் கால் இறுதியில் பந்தை நான்கு முறை எல்லைக் கோட்டுக்கு அப்பால் வைத்தார்! 2018இல் சியா கொலிசி தேசியக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவரானார். ஸ்விடே என்ற ஏழைக் குடியிருப்பில் பிறந்தவர். சிறு வயதில் தேர்வுக்குப் போனபோது முறையான ஆட்ட உடைகூட இல்லாமல் உள்காற்சட்டையோடு ஆடியவர். அன்று தேர்வாளர்கள் உடையைப் பார்த்து அனுப்பியிருந்தால், 2019, 2023 ஆகிய இரண்டு கிண்ணங்களைத் தூக்கிய கைகள் எந்த வேலைக்குப் போயிருக்குமோ!

நம் திடலுக்கு வருவோம்

வாசகர்களே, உலகக் கிண்ணத்தை விடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் நம் பள்ளித் திடல்களிலும் ஒரு பெயர்ப்பட்டியல் எழுதப்படுகிறது. மாவட்டக் காற்பந்துக்கு, ஓட்டப் பந்தயத்துக்கு, சதுரங்கத்துக்கு. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அந்தத் தாளுக்கு முன்னால் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரியும், அதற்கு அதுதான் உலகக் கிண்ணம் என்று.

ஆசிரியர்களுக்கும் இளைஞர் மன்றங்களில் பொறுப்பிலிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விட்டுவிட வேண்டிய பிள்ளையை விட்டுத்தான் ஆகவேண்டும். இருபது பேரைப் பதினொருவர் இடத்தில் நிறுத்த முடியாது. ஆனால் அவனைக் கூப்பிட்டுக் காரணம் சொல்லுங்கள். பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். "உன் ஓட்டம் போதவில்லை, மூன்று மாதம் பழகு, மறுபடி பார்க்கிறேன்" என்ற சொல் அவனுக்குத் திறந்த கதவு. காரணம் தெரியாமல் திரும்புகிற பிள்ளை, கதவு பூட்டியிருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். கிழிந்த சப்பாத்தோடு வருகிறவனையும் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பட்டியலை எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகன் பெயர் இல்லையென்றதும், "நம் பிள்ளையை அவர்கள் எடுக்கமாட்டார்கள், விடு" என்று சொல்லிவிடுகிறோம். சில இடங்களில் அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கலாம். இருந்தால் வாய்மூடி இருக்க வேண்டாம். மரியாதையோடு காரணத்தைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆனால் கேட்காமலேயே, முயலாமலேயே, அடுத்த ஆண்டுத் தேர்வுக்குப் பிள்ளையை அனுப்பாமல் நிறுத்திவிட்டால், யாரும் பூட்டாத கதவையும் நாமே பூட்டியவர்கள் ஆகிவிடுவோம்.

விடுபட்ட பிள்ளைக்கு நான் சொல்வது இதுதான்: தம்பி, தங்கையே, பட்டியலில் பெயர் இல்லாத நாளிலும் பயிற்சியை விடாதே. அழைப்பு வரும் என்று யாரும் உறுதி கூற முடியாது. வராமலே போனவர்களும் உலகத்தில் அதிகம். ஆனால் அழைப்பு வருகிற அன்று கால் தயாராக இல்லாவிட்டால், வந்தும் பயனில்லை.

அடுத்த ரக்பி உலகக் கிண்ணம் 2027இல் ஆஸ்திரேலியாவில், 24 நாடுகளோடு நடக்க ஏற்பாடாகியிருக்கிறது. மறுபடியும் பட்டியல்கள் வெளியாகும். மறுபடியும் தேநீர் ஆறும். அப்போது நீங்களும் வாதிடுங்கள், தாராளமாக வாதிடுங்கள். ஆட்டம் முடிந்தபின் வெற்றி தோல்வியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எல்லாருக்கும் எளிது. ஆட்டம் தொடங்குமுன், கதவு திறந்திருக்கிறதா, தாங்க ஆள் இருக்கிறதா, எல்லாரையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களா என்று கேட்பவரே நல்ல வாதக்காரர். அந்தக் கேள்விகளை நம் பள்ளி அறிவிப்புப் பலகைக்கு முன்னாலும் கேட்கத் தொடங்குவோம்.